அப்பீல் இல்லை, வக்கீல் இல்லை, தலீல் இல்லை: பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதிகள் ஆளப்பட்ட விதம்

கேள்வி இது: “பாகிஸ்தான் - ஆப்கானிஸ்தான் எல்லையில் ‘ஃபாட்டா’ என்று ஒரு பழங்குடிப் பகுதி இருந்ததாகவும், அங்கே பாகிஸ்தானின் சட்டம் செல்லாது என்றும் படித்தேன். ஒரு நாட்டுக்குள்ளேயே அந்த நாட்டின் சட்டம் செல்லாத இடம் எப்படி உருவானது? அதை யார் ஆண்டார்கள்? இப்போது அங்கே என்ன நிலை?”

அந்த ஊர்க்காரர்களே சொல்லும் ஒரு வாசகத்திலிருந்து தொடங்குகிறேன். “நா அப்பீல், நா வக்கீல், நா தலீல்.” அப்பீலும் வக்கீலும் நமக்கும் பழகிய சொற்கள்தான். தலீல் என்றால் ஆதாரம், வாதம். மேல்முறையீடு கிடையாது, வழக்கறிஞர் கிடையாது, உன் பக்க நியாயத்தை எடுத்துச் சொல்லவும் வழி கிடையாது. 1901 முதல் 2018 வரை 117 ஆண்டுகள் தங்களை ஆண்ட சட்டத்தைப் பற்றி அவர்கள் சொன்னது இது.

அதனால் “சட்டமே இல்லாத பூமி” என்று பத்திரிகைகள் எழுதுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அங்கே சட்டம் இருந்தது, அதுவும் மிகக் கடுமையான சட்டம். அந்தச் சட்டத்தின் பேரில் அதிகாரி செய்வதைக் கேள்வி கேட்க ஓர் இடம்தான் இல்லாமல் இருந்தது. ‘தன்னாட்சி’ என்ற சொல்லை இந்தப் பகுதிக்குப் பயன்படுத்தும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஏன் என்பதை வரலாற்றோடு சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். ‘மத்திய அரசு நிர்வகிக்கும் பழங்குடிப் பகுதிகள்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் வருவதுதான் ஃபாட்டா. வடக்கே பஜௌர், அப்புறம் மோமந்த், கைபர், ஒரக்சாய், குர்ரம், வடக்கு வசீரிஸ்தான், தெற்கு வசீரிஸ்தான் என்று ஏழு ஏஜென்சிகள். இவற்றுக்கும் பெஷாவர், கோஹாட், பன்னு போன்ற சமவெளி மாவட்டங்களுக்கும் நடுவே ‘எல்லைப்புறப் பகுதிகள்’ என்ற பெயரில் ஆறு சிறு துண்டுகள். எல்லாம் சேர்த்து 27,220 சதுர கிலோமீட்டர். கேரளத்தின் பரப்பில் முக்கால் பங்கைவிடக் கொஞ்சம் குறைவு. 2017 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 50 லட்சம். அநேகமாக எல்லோரும் பஷ்தூன்கள். அஃப்ரீதி, மோமந்த், ஒரக்சாய், தூரி, பங்கஷ், வசீர், மெஹ்சூத் என்று இனக்குழுக்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் கிளைகள், கிளைக்குள் கிளைகள். ஒரக்சாய் தவிர மற்ற ஆறு ஏஜென்சிகளும் ஆப்கானிஸ்தான் எல்லையைத் தொட்டுக்கொண்டிருப்பவை. வசீர்களும் மோமந்துகளும் எல்லைக்கு அந்தப் பக்கமும் வாழ்கிறார்கள். அண்ணன் வீடு ஒரு நாட்டிலும் தம்பி வீடு இன்னொரு நாட்டிலும் இருப்பது அங்கே சாதாரணம்.

இந்தப் பகுதியை இப்படித் தனியாக வைத்தது பிரிட்டிஷ் ஆட்சி. 1849-இல் சீக்கியர்களிடமிருந்து பஞ்சாபைப் பிடித்தபோது, கூடவே பெஷாவர் சமவெளியும் அவர்கள் கைக்கு வந்தது. சமவெளியில் வரி வசூலிக்க முடியும், நிலத்தை அளக்க முடியும், கோர்ட் வைக்க முடியும். மலையில் முடியாது. மலையில் விளைவது அங்கே இருப்பவர்களுக்கே போதாது. வரி வசூலிக்க ஆள் அனுப்பினால் வசூலைவிடச் செலவு அதிகம். அதனால் மலையடிவாரத்தோடு நின்றுகொண்டார்கள். மலைக்காரர்கள் கீழே இறங்கிக் கொள்ளையடித்தால் படை அனுப்புவார்கள். படை போய்ப் பயிரையும் வீடுகளையும் அழித்துவிட்டுத் திரும்பிவிடும். நாற்பது ஆண்டுக்கும் மேலாக இதுதான் நடைமுறை.

நிலைமையை மாற்றியது ரஷ்யாவைப் பற்றிய பயம். மத்திய ஆசியாவில் ரஷ்யா ஒவ்வொரு நகரமாகப் பிடித்துக்கொண்டு தெற்கே வந்துகொண்டிருந்தது. இந்தியாவுக்குள் வர வேண்டுமென்றால் கைபர், குர்ரம், தோச்சி, கோமல் போன்ற கணவாய் வழிகளில்தான் வர வேண்டும். இரண்டாம் ஆப்கான் போருக்கு நடுவே, 1879-இல் போட்ட கந்தமக் ஒப்பந்தத்தின்படி கைபர் கணவாயின் கட்டுப்பாடு பிரிட்டிஷார் கைக்கு வந்தது. 1893 நவம்பரில் பிரிட்டிஷ் அதிகாரி மார்டிமர் டூரண்ட், காபூலில் ஆப்கான் அமீர் அப்துர் ரஹ்மான் கானோடு உட்கார்ந்து ஓர் எல்லைக்கோட்டை ஒப்புக்கொள்ள வைத்தார். அந்த டூரண்ட் கோடு பல இடங்களில் ஒரே இனக்குழுவின் நடுவே போனது. ஆப்கானிஸ்தானில் எந்த அரசு வந்தாலும் அதைச் சர்வதேச எல்லையாக மனமார ஏற்றுக்கொள்ளாததற்கு இதுதான் வேர்.

இங்கேதான் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷார் வைத்துக்கொண்டது ஒரே எல்லையை அல்ல, அடுக்கடுக்காக மூன்று எல்லைகளை. அவர்களுடைய நிர்வாகமும் நீதிமன்றமும் முடியும் இடம் முதல் எல்லை. அதற்கு அப்பால் டூரண்ட் கோடு இரண்டாவது. ஆப்கானிஸ்தானே ஒரு தடுப்பு நாடாக நிற்க, அதன் வடக்கு விளிம்பு மூன்றாவது. முதல் எல்லைக்கும் இரண்டாவதுக்கும் இடையே சிக்கிக்கொண்ட மலைநாடுதான் பழங்குடிப் பகுதி. வரைபடத்தில் அது இந்தியா. ஆனால் அங்கே வாழ்ந்தவர்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் அல்ல. ‘பாதுகாக்கப்பட்ட நபர்கள்’ என்று அவர்களுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். சமவெளி மக்கள் அதை ‘இலாக்கா கைர்’ என்றார்கள்: அந்நிய இடம். இலாகா என்று நாம் சொல்வதும் இதே சொல்தான்.

1897-இல் மலாகண்டிலிருந்து தீரா பள்ளத்தாக்கு வரை எல்லைப்புறம் முழுதும் கிளர்ந்தெழுந்தது. அஃப்ரீதிகள் கைபரின் கோட்டைகளைப் பிடித்தார்கள். அவர்களை அடக்கத் தீராவுக்குள் 30,000-க்கும் மேற்பட்ட படையை அனுப்ப வேண்டியிருந்தது. இவ்வளவு செலவு கட்டுப்படியாகாது என்று முடிவு செய்த வைஸ்ராய் கர்சன், வழக்கமான படைகளைப் பின்னுக்கு இழுத்து, அந்தந்த இனக்குழுக்காரர்களையே சம்பளத்துக்கு எடுத்துக் காவல் வைத்தார். 1901-இல் பஞ்சாபிலிருந்து வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தைத் தனியாகப் பிரித்தார். அதே ஆண்டில் வந்ததுதான் எல்லைப்புறக் குற்றங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். 1872-லிருந்தே ஒரு வடிவில் இருந்ததுதான். 1887-இல் திருத்தி, 1901-இல் முழுமையாக்கினார்கள். அங்கே எல்லோரும் சொல்வது எஃப்.சி.ஆர். என்ற அதன் ஆங்கில மூன்றெழுத்து. கோபம் வந்தால் ‘கறுப்புச் சட்டம்’.

இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். முக்கால் கதை இதற்குள்தான் இருக்கிறது.

ஏஜென்சி ஒவ்வொன்றுக்கும் பொலிடிகல் ஏஜென்ட் என்று ஓர் அதிகாரி. வரவுசெலவு அவர் கையில், காவல் அவர் கையில், வழக்கை நடத்துபவர் அவர், தண்டிப்பவரும் அவர். ஒரு குற்ற வழக்கு வந்தால் அவர் ஒரு ஜிர்காவை, அதாவது பெரியவர்கள் குழுவை, அமர்த்துவார். குழுவில் யார் யார் என்பதை முடிவு செய்வது அவர். குழு சொல்வதை ஏற்பதும் தள்ளுவதும் அவர் விருப்பம். 40-ஆம் பிரிவின்படி, ஒருவர் அமைதியைக் குலைக்கக்கூடும் என்று தோன்றினாலே நன்னடத்தைப் பிணை கேட்கலாம். கொடுக்க முடியாவிட்டால் 3 ஆண்டு வரை உள்ளே வைக்கலாம். குற்றம் நடந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. 60-ஆம் பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழ் எடுத்த எந்த முடிவையும் எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று கதவைச் சாத்தியது.

இவற்றையெல்லாம்விடக் கொடியது 21-ஆம் பிரிவு. ஒருவர் செய்த குற்றத்துக்கு அவருடைய இனக்குழு முழுவதும் பொறுப்பு. இனக்குழுவைச் சேர்ந்த யாரை வேண்டுமானாலும் எங்கே கண்டாலும் பிடிக்கலாம், அவர்கள் சொத்தைப் பறிமுதல் செய்யலாம், அவர்களோடு யாரும் வியாபாரம் செய்யக் கூடாது என்று தடுக்கலாம். நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மலைச்சாலையில் அரசு வண்டி ஒன்று சுடப்படுகிறது. சுட்டவன் யாரென்று தெரியாது. அந்தச் சாலை எந்தக் கிளையின் நிலத்தில் வருகிறதோ, அந்தக் கிளைக்காரர்கள் பொறுப்பு. நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு நகரத்தில் அதே கிளையைச் சேர்ந்தவர் மளிகைக் கடை வைத்திருப்பார். கடைக்குச் சீல் வைத்துவிடுவார்கள். இன்னொருவரின் லாரியைச் சாவடியில் நிறுத்திக்கொள்வார்கள். ஊருக்குப் போன மாணவனைப் பிடித்து உள்ளே வைப்பார்கள். குற்றவாளியைக் கொண்டுவந்து ஒப்படைத்தாலோ, அபராதம் கட்டினாலோதான் இவர்களுக்கு விடுதலை. பச்சைக் குழந்தைகள்கூட இப்படிக் குடும்பத்தோடு அடைக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. இதெல்லாம் பிரிட்டிஷ் காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2004-இல் தெற்கு வசீரிஸ்தானின் வானாவில், வெளிநாட்டுப் போராளிகளை ஒப்படைக்கவில்லை என்று அகமத்சாய் வசீர்களின் கடைத்தெருவையே இழுத்து மூடினார்கள். அவர்களுடைய வண்டிகளைப் பறித்தார்கள். எல்லாம் 1901 சட்டத்தின்படிதான்.

நமக்கு இது முற்றிலும் புதிய சங்கதி அல்ல. அதே பிரிட்டிஷ் அரசு 1871-இல் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து, 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் நீட்டியது. ஒரு சமூகத்தில் பிறந்ததே குற்றம் என்று வைத்து, ஆண்களை இரவில் காவல் நிலையத்தில் படுக்க வைத்த சட்டம். கைரேகைச் சட்டம் என்று நம் பக்கத்தில் சொன்னது இதைத்தான். மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920-இல் துப்பாக்கிச் சூடு நடந்தது இதை எதிர்த்ததற்காகத்தான். தனி மனிதனை விட்டுவிட்டுக் கூட்டத்தைத் தண்டிப்பது என்ற அதே சிந்தனை இரண்டிலும் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல் ரத்தானது. கைபர் மலையில் எஃப்.சி.ஆர். அதே 1947-இல் ஒரு புதிய நாட்டின் கைக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

அதற்கு வருமுன் தடியோடு கூடவே இருந்த வெல்லத்தையும் சொல்ல வேண்டும். பொலிடிகல் ஏஜென்ட் வெறும் தண்டனையால் மட்டும் ஆளவில்லை, பணத்தாலும் ஆண்டார். இனக்குழு முழுவதற்கும் கொடுக்கும் தொகைக்கு ‘முவாஜிப்’ என்று பெயர். சாலையைத் திறந்து வைத்திருப்பதற்கும், வழிப்போக்கர்களைத் தொடாமல் இருப்பதற்கும் அது ஊதியம். முக்கியமான ஆட்களுக்குத் தனியே ‘லுங்கி’ என்ற படி. லுங்கி என்றால் அங்கே தலைப்பாகை, மரியாதையின் அடையாளம். இதை வாங்கும் பெரியவர் ‘மாலிக்’. வசீரிஸ்தானில் பணமோ பொறுப்போ எது வந்தாலும் கிளைகளுக்குள் எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதற்கு ‘நிக்காத்’ என்ற பழைய பங்குக் கணக்கு உண்டு. முப்பாட்டன் காலத்து வம்சாவளியை வைத்துப் போட்ட கணக்கு அது. பின்னாளில் ஒரு பிரிவின் ஆள்பலம் பெருகினாலும் பங்கு மாறாது. சாலை ஒப்பந்தம் வந்தாலும் சரி, காவலர் வேலை வந்தாலும் சரி, அதே கணக்குதான்.

ஜிர்காவையும் எஃப்.சி.ஆர். ஜிர்காவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பஷ்தூன்களுடைய சொந்த ஜிர்கா வட்டமாக உட்காரும். தலைமை நாற்காலி இல்லை. யாரும் பேசலாம், எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை பேச்சு போகும். இரண்டு குடும்பங்களுக்குள் ரத்தப்பகை என்றால், முதல் வேலையாகப் பெரியவர்கள் நடுவில் நின்று ‘தீகா’ வைப்பார்கள். தீகா என்றால் கல். ‘கல் வைத்தாகிவிட்டது’ என்றால் இன்ன தேதி வரை யாரும் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது. மீறினால் கல் வைத்தவர்களுக்கே எதிரி. தவறு செய்தவன் ஆட்டை ஓட்டிக்கொண்டு எதிரி வீட்டு வாசலுக்கே போய் மன்னிப்புக் கேட்கும் ‘நனவாத்தே’ வழக்கமும் உண்டு. இந்த முறையில் பெரிய குறைகள் இருக்கின்றன. பெண்கள் அந்த வட்டத்தில் உட்கார முடியாது. பகையைத் தீர்க்கப் பெண்ணைக் கொடுக்கும் கொடுமை இருந்தது. ஆனால் அதில் ஒரு சமத்துவம் இருந்தது. எஃப்.சி.ஆர். அதன் பெயரை எடுத்துக்கொண்டு, உள்ளே அதிகாரியின் ஆட்களை உட்கார வைத்தது. ‘பழங்குடி வழக்கப்படி ஆள்கிறோம்’ என்று அரசு சொன்னதில் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இதுதான்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1936-இல் வசீரிஸ்தானில் இப்பி ஃபக்கீர் என்று அழைக்கப்பட்ட மிர்சா அலி கான் எழுந்தார். அவரைப் பிடிக்க பிரிட்டிஷார் சுமார் 40,000 படையினரை இறக்கினார்கள், விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். கடைசி வரை பிடிக்க முடியவில்லை. பாகிஸ்தான் உருவான பிறகு அதையும் அவர் ஏற்கவில்லை. 1960-இல் தன் மலையிலேயே இறந்தார்.

1947-இல் ஜின்னா வசீரிஸ்தானிலிருந்து ராணுவத்தை விலக்கிக்கொண்டார். ரஸ்மக் போன்ற பெரிய பாசறைகள் காலியாயின. இது நம்பிக்கையைக் காட்டும் செயல். அங்கே நல்ல பெயரும் வாங்கித் தந்தது. மாலிக்குகள் புதிய நாட்டோடு சேர ஒப்புக்கொண்டார்கள். பிரிட்டிஷார் கொடுத்த படிகளும் ஏற்பாடுகளும் தொடரும் என்று அரசு வாக்குக் கொடுத்தது. 1948 ஏப்ரலில் பெஷாவர் ஜிர்காவில் ஜின்னாவே இதைப் பேசினார். இதற்கிடையே 1947 அக்டோபரில் பழங்குடிப் படைகள் காஷ்மீருக்குள் போயிருந்தன. அந்த மலைக்காரர்களை நாட்டின் வேலைக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை இஸ்லாமாபாத் தலைநகராக வருமுன்பே, அன்றைய தலைநகரான கராச்சி கற்றுக்கொண்டது.

‘தொடரும்’ என்ற அந்த வாக்கு எழுபது ஆண்டுகள் நிஜமாகவே தொடர்ந்தது. 1954-இலேயே நீதிபதி கார்னீலியஸ், எஃப்.சி.ஆர். நவீன நீதிக் கோட்பாடுகள் எல்லாவற்றுக்கும் விரோதமானது என்று எழுதினார். யாரும் அசையவில்லை. 1973 அரசியலமைப்பு இன்னும் இறுக்கியது. அதன் 1-ஆம் பிரிவு இந்தப் பகுதியைப் பாகிஸ்தானின் நிலப்பரப்பு என்கிறது. ஆனால் 247-ஆம் பிரிவு, நாடாளுமன்றம் போடும் எந்தச் சட்டமும் குடியரசுத் தலைவர் உத்தரவிட்டால் ஒழிய அங்கே செல்லாது என்றது; உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் அங்கே அதிகாரம் இல்லை என்றது. அடிப்படை உரிமைகள் காகிதத்தில் அவர்களுக்கும் உண்டு. அவற்றைக் கேட்டு வாங்கப் போகக்கூடிய கோர்ட்தான் கிடையாது.

ஓட்டுரிமையைப் பாருங்கள். தேசிய நாடாளுமன்றத்துக்கு அங்கிருந்து உறுப்பினர்கள் போனார்கள். ஆனால் 1997 வரை ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 35,000 மாலிக்குகள் மட்டும். வயது வந்தோர் எல்லோருக்கும் ஓட்டு 1996 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு, 1997 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் கட்சிகளுக்கு அனுமதி இல்லை. அது 2011-இல்தான் வந்தது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நாடு முழுவதற்கும் சட்டம் போடலாம், தன்னைத் தேர்ந்தெடுத்த ஊருக்கு மட்டும் போட முடியாது. 1998 கணக்கெடுப்பின்படி அங்கே எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் 3 சதவீதம். நூற்றுக்கு மூன்று பேர். தன்னாட்சி கொடுத்தோம் என்ற அரசு, பள்ளியைக் கொடுக்காமல் விட்டதன் கணக்கு இது.

பிறகு போர்கள். 1979-இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் வந்ததும், இந்த மலைகள் முஜாஹிதீன்களின் பின்கட்டு ஆயின. ஆயுதமும் பணமும் அகதிகளும் இந்த வழியாகத்தான் வந்துபோயின. நிருபர்கள் கிடையாது, நீதிமன்றம் கிடையாது. மறைவாக எதையும் செய்ய இதைவிட வசதியான இடம் இருக்க முடியாது. 2001-க்குப் பிறகு அமெரிக்காவிடமிருந்து தப்பிய அல்கொய்தாவும் தாலிபானும் அதே வசதிக்காகத்தான் இங்கே வந்தார்கள். ராணுவம் உள்ளே போனது. முதலில் சண்டை, பிறகு ஒப்பந்தம், மறுபடி சண்டை. 2004 ஏப்ரலில் ஷக்காயில் உள்ளூர்ப் போராளித் தலைவர் நெக் முகம்மது வசீரோடு ராணுவத் தளபதி மாலை மாற்றிக்கொண்டார். ஜூனில் அமெரிக்க ட்ரோன் நெக் முகம்மதைக் கொன்றது. பாகிஸ்தான் மண்ணில் அதுதான் முதல் ட்ரோன் தாக்குதல். அதன் பின் பதினாலு ஆண்டில் 400-க்கும் மேற்பட்டவை. 2007 டிசம்பரில் பைத்துல்லா மெஹ்சூத் தலைமையில் பாகிஸ்தான் தாலிபான் உருவானது. அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று மாலிக்குகளைத் தேடித்தேடிக் கொன்றது, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதோடு பழைய ஏற்பாட்டின் முதுகெலும்பு முறிந்தது. 2014 ஜூனில் வடக்கு வசீரிஸ்தானில் ராணுவம் பெரிய தாக்குதலைத் தொடங்கியபோது, ஏறக்குறைய 10 லட்சம் பேர் வீட்டை விட்டு பன்னு சமவெளியின் வெயிலுக்கு இறங்கினார்கள். நோன்பு மாதம் வேறு.

நான் வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில், வடக்கு வசீரிஸ்தான்காரர் ஒருவரின் டாக்சியில் அடிக்கடி போவதுண்டு. ஊர்ப் பேச்சு வந்தபோது ஒரு நாள் சட்டைப் பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்துக் காட்டினார். ஒன்று பாகிஸ்தானின் அடையாள அட்டை. இன்னொன்று ‘வத்தன் கார்டு’, ஊர் அட்டை. 2014-க்குப் பிறகு வீடு திரும்பியவர்களுக்கு ராணுவம் கொடுத்தது. “பாய் சாப், இது இருந்தால் நான் பாகிஸ்தானி. ஆனால் என் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் இதைக் காட்ட வேண்டும்” என்று இரண்டாவது அட்டையைத் தட்டினார். அதன் ஓரங்கள் நைந்திருந்தன. முதலாவது புதிதாகவே இருந்தது.

அந்த அட்டைகளும், சாவடிகளும், கண்ணிவெடிகளும், காணாமல் போனவர்களும் சேர்ந்துதான் 2018-இல் ஓர் இளைஞர் இயக்கத்தைப் பிறப்பித்தன. அந்த ஜனவரியில் கராச்சியில் நகீபுல்லா மெஹ்சூத் என்ற வசீரிஸ்தான் இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்று, தீவிரவாதி என்றது. அதற்கு நியாயம் கேட்டு மன்சூர் பஷ்தீன் தலைமையில் இளைஞர்கள் இஸ்லாமாபாத் வரை பேரணியாகப் போனார்கள். பஷ்தூன் தஹஃபுஸ் (பாதுகாப்பு) இயக்கம் என்று அது வளர்ந்தது. ஆயுதம் எடுக்காமல், அரசியலமைப்பு எங்களுக்கும் பொருந்தட்டும் என்று மட்டும் கேட்ட இயக்கம். 2024 அக்டோபரில் அரசு அதைத் தடை செய்தது. இந்தத் தடை சரியென்று எனக்கு எந்த விதத்திலும் தோன்றவில்லை.

இந்தப் பகுதி மாகாணத்தோடு இணைந்த கதைக்கு வருவோம். சர்தாஜ் அஜீஸ் தலைமையில் அரசு அமைத்த குழு 2016-இல் அறிக்கை கொடுத்தது: எஃப்.சி.ஆரை எடுத்துவிட்டு, பகுதியைக் கைபர் பக்தூன்க்வா (பழைய வடமேற்கு எல்லைப்புற மாகாணம்தான்) மாகாணத்தோடு சேர்க்கலாம் என்று. மௌலானா ஃபஸ்லுர் ரஹ்மான், மஹ்மூத் கான் அச்சக்சாய் போன்ற கட்சித் தலைவர்கள் எதிர்த்தார்கள். மக்களைக் கேட்காமல் சேர்க்காதே என்றார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் 2018 மே 24-இல் தேசிய சபையும் மறுநாள் செனட்டும் 25-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றின. மே 27-இல் மாகாண சபை ஒப்புதல் தந்தது. மே 31-இல் குடியரசுத் தலைவர் மம்னூன் ஹுசைன் கையெழுத்திட்டார். 247-ஆம் பிரிவு போனது. ஏஜென்சிகள் மாவட்டங்கள் ஆயின. எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது.

முடிந்ததா என்றால், காகிதத்தில் முடிந்தது. அதே வாரத்தில் அரசு ஓர் இடைக்கால ஒழுங்குமுறையைக் கொண்டுவந்து எஃப்.சி.ஆரின் பாதியை வேறு பெயரில் வைத்துக்கொள்ளப் பார்த்தது. பெஷாவர் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அந்த மார்ச்சில் நீதிமன்றங்கள் தொடங்கின. கட்டடமும் பாதுகாப்பும் இல்லாததால் வடக்கு வசீரிஸ்தானுக்கான கோர்ட் பன்னுவில், தெற்குக்கு டாங்க் என்ற ஊரில். ‘காசாதார்’ என்ற பழைய இனக்குழுக் காவலர்களும் ‘லெவி’ என்ற உள்ளூர்க் காவல் படையினருமாகச் சுமார் 28,000 பேர் மாகாணப் போலீசில் சேர்க்கப்பட்டார்கள். 2019 ஜூலை 20-இல் முதன்முதலாக மாகாண சபைத் தேர்தல். அது நிஜமாகவே பெரிய நாள்.

ஆனால் பணம் வரவில்லை. நாட்டின் பகிர்வு வருவாயில் 3 சதவீதத்தைப் பத்தாண்டுக்கு இந்த மாவட்டங்களுக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். மற்ற மாகாணங்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கவில்லை. 2021-இல் காபூல் தாலிபான் கைக்குப் போனதும் பாகிஸ்தான் தாலிபானும் திரும்பி வந்தது. குர்ரமில் ஷியா - சன்னி இனக்குழுக்களிடையே நிலத் தகராறு மதச் சண்டையாகி, 2024 நவம்பரில் பயணிகள் வண்டித் தொடரைச் சுட்டு 40 பேருக்கும் மேல் கொன்றார்கள். குர்ரமின் தலைமை ஊரான பாராச்சினாருக்குப் போகும் சாலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது, மருந்து கிடைக்காமல் மக்கள் தவித்தார்கள். இதையெல்லாம் காட்டி, இணைப்பே தப்பு, பழைய ஜிர்கா முறைக்குத் திரும்பலாம் என்ற குரல் இப்போது மறுபடி கேட்கிறது. இணைப்பை அரைகுறையாகச் செய்துவிட்டு, அது பலிக்கவில்லை என்று சொல்வது நேர்மையில்லை என்பது என் கருத்து.

எது அரைகுறை என்பதற்கு ஓர் உதாரணம் நிலம். குர்ரம் பள்ளத்தாக்கில் பிரிட்டிஷ் காலத்து நிலப்பதிவு உண்டு. மற்ற இடங்களில் பெரும்பாலும் பட்டா, சிட்டா எதுவும் கிடையாது. நிலமும் காடும் கிளையின் பொதுச் சொத்து, பங்கு எல்லோர் நினைவிலும் இருப்பது. கோர்ட்டைத் திறந்தார்கள், நில அளவையை முடிக்கவில்லை.

அந்த டாக்சிக்காரர் பின்பு ஊருக்கே போய்விட்டார். எப்போதாவது போனில் பேசுவோம். ஷவால் மலையில் அவர்களுக்குச் சில்கோசா மரங்களில் பங்கு உண்டு, பைன் மரத்து விதைதான் சில்கோசா, நல்ல விலை போகும். பக்கத்துக் கிளையோடு எல்லைத் தகராறு. புதுச் சட்டம் வந்துவிட்டதே என்று பன்னு கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். வக்கீல் கிடைத்தார். அப்பீலுக்கும் போகலாம் என்று அவரே சொன்னாராம். அப்புறம், “நிலத்துக்குக் காகிதம் என்ன வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். காட்ட ஒன்றும் இல்லை. ஊருக்குத் திரும்பியதும் பெரியவர்கள் கூடி இரண்டு கிளைக்கும் நடுவே கல் வைத்திருக்கிறார்கள். இந்த அறுவடை முடியும் வரைக்கும் கல் நிற்கும் என்றார். அதற்குள் அளவைக்காரர்கள் வந்தால் நல்லது என்றும் சொன்னார்.